கோதண்டராமன் பிடித்து வைத்த இடங்கள்

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குள் மகாபலிபுரம் பஸ் திரும்பும்போதே கோதண்டராமன் ஓடத் தொடங்கிவிடுவார். ஐம்பதைத் தாண்டியவர், தொந்தி வேறு. ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தெம்பு வருமோ தெரியாது. பஸ் நிற்பதற்குள் முதல் ஜன்னலில் துண்டு, அடுத்ததில் கைக்குட்டை, அதற்கும் அடுத்ததில் டிபன் டப்பா, கடைசியில் குடை என்று ஒவ்வொன்றாக உள்ளே வீசிக்கொண்டே வருவார். அதில் ஒன்றுகூடத் தனக்கு இல்லை. எல்லாம் அவருடைய பிரிவில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு. எல்லாரும் உட்கார்ந்தார்களா என்று பார்த்துவிட்டு, தான் மட்டும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க நின்றபடி வருவார். முகத்தில் அன்னதானம் செய்து முடித்தவரின் திருப்தி இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை ஃபக்ருன்னிசாவுக்குக் கிடைத்தது குடை போட்ட சீட்டு.

"இன்னா சார், குடைக்கு ஒரு டிக்கெட்டு கிழிக்கட்டா?" என்றான் கண்டக்டர் தர்மராஜ். தினமும் கேட்கிற கேள்விதான்.

"குடைக்கு இல்லப்பா, குழந்தைக்கு" என்று கோதண்டராமன் ஃபக்ருன்னிசாவைக் காட்டினார்.

குழந்தைக்கு வயது இருபத்தாறு. கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவள். அத்தா காலமான பிறகு, கண் பார்வை மங்கிக்கொண்டே வரும் அம்மா சைனம்புவையும் வீட்டையும் பார்த்துக்கொள்வது அவள்தான். கடலோரச் சவுக்குத் தோப்புக்குள் இருந்த அரசாங்க ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டு பீரோவை ஒட்டி வைத்த அளவுக்கு இருக்கும். அதன்மேல் அவளுக்கு இருந்த பிரியத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரின் தலையெழுத்து முடிவாகப் போகிறது. டில்லித் தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி டாக்டர் சாரதாம்பாள் வருகிறார். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து அந்த இயந்திரத்தில் வேலை செய்ய முடிகிறது என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் இயந்திரம் பம்பாய்க்குப் போகும். இயந்திரத்தோடு ஃபக்ருன்னிசாவும் போகலாம், இல்லை வேலையை விட்டுவிடலாம். பாதி கண் தெரியாத அம்மாவை விட்டுவிட்டுப் பம்பாய்க்கு எப்படிப் போவது? ஆகவே போவதற்கில்லை. இயந்திரம் இங்கே இருந்தால்தான் அவளுக்கு வேலை இருக்கும். இந்தக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

திருக்கழுக்குன்றத்தில் செங்கல்வராயன் ஏறினான். அவனுக்காகச் செங்கல்பட்டிலிருந்தே டிபன் டப்பா ஒரு சீட்டில் சம்மணம் போட்டு வந்துகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் வழி முழுக்க அதை முறைத்தார்கள்.

"டப்பாவை நகத்து, குந்தணும்" என்று உட்கார்ந்தவன், "தங்கச்சி, எத்தினி சட்டை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன் தெரியுமா? அந்தம்மா மெஷினைப் பாக்க வருதா, மாப்பிள்ள பாக்க வருதான்னு எங்கம்மா கேக்குது" என்றான்.

"மெஷினை மட்டும்தான் அண்ணே. நீங்க பயப்படாதீங்க."

"நான் எதுக்குப் பயப்படறேன். பயந்தா அந்தம்மாதான் பயப்படணும்."

ஃபக்ருன்னிசா சிரித்தாள். காலையிலிருந்தே அவளுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வருமே, அந்த மாதிரிச் சிரிப்பு.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் கர்னல் என்று ஒரு நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். மற்ற நிரல்களுக்கெல்லாம் அதுதான் மேற்பார்வை. கம்ப்யூட்டர் அறையில் இருந்த எட்டு டெர்மினல்களிலும் கோதண்டராமனின் அறையில் தனியாக இருந்த ஒன்றிலும், யார் எந்த ஃபைலைத் திறக்க வேண்டுமென்றாலும் அதனிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் ஃபைலைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடாது. ஓர் எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணைக் காட்டித்தான் அப்புறம் படிப்பதும் எழுதுவதும். இப்படித் திறந்த ஃபைல்களைக் குறித்துக்கொள்ள அதனிடம் இருந்தது மொத்தம் நூறு இடம். ஒரு நிரலுக்குப் பதினைந்துக்கு மேல் கிடையாது. நூறும் நிறைந்துவிட்டால், அடுத்து வருகிறவன் மந்திரியாக இருந்தாலும் "நோ ஃபைல்" என்று சொல்லிவிடும். ஏற்கெனவே இடம் பிடித்தவன் சும்மா வைத்திருந்தாலும் அவனிடமிருந்து பிடுங்காது. அவனாக விட வேண்டும். அல்லது அவனுடைய நிரல் முடிந்து அவன் எழுந்து போக வேண்டும். அப்படிப் போகிறபோது மட்டும், அவன் மறந்து விட்டதையெல்லாம் கர்னலே ஒன்றுவிடாமல் மூடி, இடத்தைக் காலியாக்கும். திட்டாது, முணுமுணுக்காது. ஃபக்ருன்னிசாவுக்கு அதில் ரொம்பப் பிடித்த குணம் அதுதான். பொறுமையாகக் கொடுப்பதும், போகிறபோது சத்தமில்லாமல் வாங்கிக்கொள்வதும் மேலே இருப்பவனின் குணம். மனிதன் எழுதிய ஒரு நிரலுக்குள்ளும் அதன் சாயல் கொஞ்சம் வந்துவிட்டதே என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

நூறை இருநூறாக்கலாம்தான். ஆனால் இயந்திரத்தின் நினைவகம் சின்னது. ஒவ்வோர் இடமும் அதிலிருந்து ஒரு துண்டைத் தின்னும்.

சனிக்கிழமை ஒத்திகையில் கடைசியாக வந்து உட்கார்ந்த ராஜாராமுக்கு இடம் கிடைக்கவில்லை. மற்றவர்கள் சோதனைக்காகத் திறந்த ஃபைல்களை மூடாமல் விட்டிருந்தார்கள். ஆளுக்கு ஆறு போதும், அதற்கு மேல் திறக்காதீர்கள் என்று ஃபக்ருன்னிசா கணக்குப் போட்டுச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். கோதண்டராமன் மட்டும் ராஜாராமையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பிரிவில் ஒரு பிள்ளை இடமில்லாமல் நின்றது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

"ஒரு நிரலுக்குப் பதினைந்துதானா உச்சம்?" என்று அவளிடம் கேட்டார்.

"ஆமா சார்."

"சரி, சரி" என்று போய்விட்டார்.

திங்கட்கிழமைக்கு வருவோம். ஃபக்ருன்னிசாவின் அலைக் கணக்கு வெள்ளிக்கிழமையிலிருந்தே பன்னிரண்டு இடங்களை எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கரையில் காற்று எப்படி அடித்தால் அலை எவ்வளவு உயரம் எழும் என்று பார்க்கிற பெரிய கணக்கு. சாரதாம்பாளுக்குக் காட்டப் போகிற முக்கியமான பொருளே அதுதான். கணக்கு முடிந்ததும் நிரல் தானாகவே ஒரு புதிய ஃபைலைத் திறந்து விடையை எழுதும். பிறகு பிரிண்டர் அதை அச்சடிக்கும். எல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று அவள் மதிப்பிட்டிருந்தாள்.

சாரதாம்பாள் திருக்கழுக்குன்றம் மலையேறிக் கழுகைப் பார்த்துவிட்டுத்தான் வருவதாக ஏற்பாடு. பண்டாரம் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு காத்திருக்க, கழுகு எப்போது வருமோ அப்போது வரும். உச்சிவேளை தாண்டுவதும் உண்டு, வராமலே போவதும் உண்டு. ஆகவே நிறைய நேரம் இருக்கிறது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். கோதண்டராமன் கொஞ்ச நேரம் தன் அறைக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, ரோஜா மாலையோடு வாசல் கேட்டுக்குப் போனார்.

பிள்ளைகள் எட்டு டெர்மினலிலும் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் மூலையிலிருந்த டெலிடைப் இயந்திரம் இருமத் தொடங்கியது.

நோ ஃபைல்.

ஃபக்ருன்னிசா திரும்பிப் பார்த்தாள். அது மறுபடியும் அடித்தது. நோ ஃபைல். நோ ஃபைல். பிறகு நிறுத்தவே இல்லை. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டது போல உற்சாகமாக, வரிக்கு வரி அதையே அடித்துத் தள்ளியது. காகிதம் சுருள் சுருளாக இறங்கித் தரையில் பரவியது.

"எனக்குத் தொறக்கல" என்றான் ராஜாராம். இந்தத் தடவையும் அவன்தான் முதலில்.

"எனக்கும் தொறக்கல தங்கச்சி" என்றான் செங்கல்வராயன். "இன்னாது, ஒண்ணியும் காணோம்?"

"யார் யார் எத்தனை வச்சிருக்காங்கன்னு பாக்கறேன் இருங்க" என்று ஃபக்ருன்னிசா தன் டெர்மினலில் கட்டளையைத் தட்டினாள். இயந்திரம் மறுத்துவிட்டது. யார் இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கிற நிரலுக்கும் ஒரு ஃபைல் திறந்தாக வேண்டும். அதற்கும் இடம் இல்லை.

அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, நிர்வாகியின் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போகப் பார்த்தாள். அந்தக் கடவுச்சொல்லைச் சரிபார்க்கக் கர்னல் ஒரு ஃபைலைத் திறக்க வேண்டும். இடம் இல்லை.

"நம்ம வூட்டுக்குள்ள போவ நம்மளுக்கே சாவி இல்லையா?" என்றான் செங்கல்வராயன்.

"சாவி இருக்கு அண்ணே. சாவித் துவாரத்துலயும் யாரோ உக்காந்திருக்காங்க."

"மெஷினை நிறுத்திட்டுத் திருப்பிப் போடேன்."

"போட்டா வெள்ளிக்கிழமையிலேருந்து ஓடற கணக்கு போயிடும். எதைக் காட்டறது?"

இதில் இன்னொரு கத்தியும் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அலைக் கணக்கு எந்த நிமிஷமும் முடியலாம். முடியும்போது விடையை எழுத ஒரே ஓர் இடம் வேண்டும். அந்த நிமிஷத்தில் இடம் இல்லையென்றால் நிரல் திரும்ப வந்து கேட்காது. முடிந்துவிடும், அவ்வளவுதான். விடை காற்றோடு போகும்.

இயந்திரம் சொல்ல மாட்டேன் என்கிறபோது மனிதர்களைக் கேட்பதுதான் வழி. அவள் நாற்காலி நாற்காலியாகப் போனாள்.

"அண்ணே, நீங்க எத்தனை தொறந்து வச்சிருக்கீங்க?"

"ரெண்டு."

"நெஜமா?"

"நெஜமாதான்." கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டுன்னா... ஒரு நாலு இருக்கும்."

"அண்ணே."

"இன்னா இப்போ? காலீல வந்தவொடனே கொஞ்சம் தொறந்து வச்சேன். அப்பால கிடைக்கலன்னா? சனிக்கெழமை ராஜாராம் முழிச்ச முழியைப் பாத்தேன் இல்ல."

ஒவ்வொருவரும் அப்படித்தான் செய்திருந்தார்கள். நூறுதான் இடம் என்று அவள் விளக்கிச் சொன்னதே வினையாகிவிட்டது. அரிசி கிடைக்காமல் போகுமாம் என்று காதில் விழுந்தால் அரை மூட்டை இருக்கிற வீட்டிலும் இன்னொரு மூட்டை வாங்கிப் போடுவார்கள் அல்லவா, அது மாதிரி. யாரும் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள், அவ்வளவுதான்.

"எல்லாரும் ஒண்ணு மட்டும் வச்சிக்கினு மிச்சத்தை மூடுங்க. யாரு மொதல்ல?"

ஒருவரும் அசையவில்லை.

"நான் எழுந்தா இவன் குந்திக்குவான்" என்று செங்கல்வராயன் ராஜாராமைக் காட்டினான்.

"நான் எங்கண்ணா குந்தறது, எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே" என்றான் ராஜாராம் பரிதாபமாக.

ஃபக்ருன்னிசா தன் டெர்மினலுக்குப் போய், தான் திறந்து வைத்திருந்த இரண்டையும் மூடினாள். "பாருங்க, நான் வுட்டுட்டேன். ராஜாராம், ஒண்ணு எடுத்துக்க."

ராஜாராம் தட்டினான். டெலிடைப் சிரித்தது. நோ ஃபைல்.

அவள் விட்டதைப் பார்த்து மனம் இளகிய செங்கல்வராயனும் மூன்றை விட்டான். "தோ, எடுத்துக்கடா. ராஜாவாட்டம் எடுத்துக்க."

நோ ஃபைல்.

அடுத்த நாற்காலியில் விட்டார்கள், அதற்கடுத்ததில் விட்டார்கள். ஒருவர் விட்டதும் இன்னொருவருக்கும் விட மனசு வந்தது. நல்லது செய்வதும் கொட்டாவி மாதிரிதான், ஒருவர் தொடங்கினால் அறை முழுக்கத் தொற்றிக்கொள்ளும். கடைசியில் எட்டுப் பேரும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் நோ ஃபைல்.

"நாம வுட்டதெல்லாம் எங்க போவுது?" என்றான் செங்கல்வராயன். "பேயா?"

"பேய்க்கு ஃபைல் எதுக்கு?" என்றாள் ஃபக்ருன்னிசா. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது. "யாரோ பக்கத்துலயே காத்துக்கினு கீறாங்க அண்ணே. நாம விட விட எடுத்துக்கறாங்க."

அந்த நேரத்தில் டெலிபோன் அடித்தது. திருக்கழுக்குன்றம் தபால் ஆபீசிலிருந்து கார் டிரைவர் பேசினான். என்றைக்கும் இல்லாத அதிசயமாகக் கழுகு சீக்கிரமே வந்து பொங்கலைத் தின்றுவிட்டுப் போய்விட்டதாம். அம்மா மலையிறங்கியாயிற்று, இதோ புறப்படுகிறோம் என்றான்.

"அந்தக் கழுவுக்கு இன்னிக்கு மட்டும் இன்னா அவ்ளோ பசி" என்றான் செங்கல்வராயன்.

டாக்டர் சாரதாம்பாள் சற்றைக்கெல்லாம் வந்துவிட்டார். வெள்ளை முடி, சுங்குடிப் புடவை, நெற்றியில் மலைக்கோயில் விபூதி. கழுத்தில் கோதண்டராமன் போட்ட மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அறை வாசலில் காகிதக் குவியல் அவர் காலைத் தடுத்தது. குனிந்து ஒரு முனையை எடுத்து, நிதானமாகப் படித்தார். படிக்க அதில் ஒரே விஷயம்தான் இருந்தது.

கோதண்டராமன் மட்டும் கல்யாண வீட்டுக்காரர் போலப் பளபளவென்று இருந்தார். ஃபக்ருன்னிசாவின் பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னார்: "பயப்படாதேம்மா. யாருக்கும் இடமில்லாம போகாது. எல்லாருக்கும் சேத்து நானே பிடிச்சு வச்சிருக்கேன்."

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது.

"சார்... எப்படிப் பிடிச்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து ஒரு நிரல் எழுதினேன். ஒண்ணுக்குப் பதினைஞ்சுதானே உச்சம்? அதனால அதையே ஆறு பிரதி ஓடவிட்டிருக்கேன், என் அறையில. விடாம இடம் கேட்டுக்கிட்டே இருக்கும், எங்கே காலியானாலும் டக்குனு பிடிச்சுக்கும். தேவைப்படறவங்க கேளுங்க, ஒண்ணு ஒண்ணா தர்றேன்."

அவர் கண்ணில் அவ்வளவு அன்பு இருந்தது. கோபித்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

"சார், இது பஸ் இல்லையே. உங்க நிரல் பிடிச்ச இடம் உங்க நிரலுக்குத்தான். எங்களுக்குக் கை மாத்திக் கொடுக்கக் கர்னல் விடாது."

"நான் துண்டை எடுத்தா நீ உக்காரலாமே?"

"நீங்க எடுத்த நிமிஷம் உங்களோட இன்னொரு துண்டு அங்க விழுந்துடுது சார்."

கோதண்டராமனின் பளபளப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. டெலிடைப்பைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த எட்டுப் பிள்ளைகளையும் பார்த்தார்.

"என்ன ரகசியம் பேசறீங்க?" என்றார் சாரதாம்பாள். "நான் கணக்குப் படிச்சவ. கம்ப்யூட்டர் தெரியாது. இந்தக் காகிதம் என்ன சொல்றதுன்னு எனக்கு விளங்கறாப்போல யாராவது சொல்லுங்கோ."

ஃபக்ருன்னிசா அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். பழுது என்று சொல்லிப் பூசி மெழுகலாம், கரண்டின் தலையில் போடலாம். சொன்னால் அந்த அம்மாவுக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் பொய் சொல்லிக் காப்பாற்றிய வேலையில் எப்படிப் பரக்கத் இருக்கும், ஆண்டவன் அருள் எப்படித் தங்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"மேடம், மலை அடிவாரத்துல செருப்பை விட்டுட்டுத்தானே ஏறினீங்க? டோக்கன் கொடுத்திருப்பாங்களே?"

"ஆமா, கொடுத்தான். தகர டோக்கன்."

"அந்தக் கடையில நூறு பொந்துதான்னு வச்சிக்கோங்க. நூறு டோக்கன் போயிட்டா, நூத்தியோராவது ஆளு செருப்பைக் கையில வச்சிக்கினு நிக்க வேண்டியதுதான். டோக்கன் வாங்கினவங்க மலை ஏறாம அங்கயே நின்னு கதை பேசினாலும் கடைக்காரரு அவங்க செருப்பைத் தூக்கி வெளிய போட மாட்டாரு. இந்த மெஷின்ல அந்தக் கடைக்காரருதான் கர்னல். இப்போ எல்லா டோக்கனும் வெளிய போயிடுச்சு. அதைத்தான் அது சொல்லிக்கினே இருக்குது."

"யார் கையில இருக்கு டோக்கன்?"

 டெலிடைப் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"தப்பு என்னுது மேடம்" என்றாள் ஃபக்ருன்னிசா. "கர்னலைப் பாத்துக்கற வேலை எனக்குத்தான். இப்படி ஆகும்னு நான் யோசிச்சிருக்கணும்."

"இல்ல மேடம்" என்று கோதண்டராமன் முன்னால் வந்தார்.  "அந்தப் பெண் மேல ஒரு பிழையும் இல்லை. டோக்கனை வாரிக்கிட்டவன் நான். தொண்ணூறு வரைக்கும் வாரறாப்போல எழுதியிருந்தேன்."

"அவரு பாவம், எங்களுக்காகத்தான் வாரிகினாரு" என்று செங்கல்வராயன் எழுந்தான். "நானும் காலீல பதினாலு அமுக்கி வச்சேன் மேடம். தங்கச்சிகிட்ட ரெண்டுன்னு சொன்னேன்."

"பதினாலா?" என்றாள் ஃபக்ருன்னிசா. "நாலுன்னீங்களே."

"மூணுதான் வுட்டேன்னு நெனச்சியா? நீ அந்தாண்ட திரும்பினப்போ மிச்சத்தையும் வுட்டுட்டேன்."

"நான் ஏழு" என்றது இன்னொரு நாற்காலி. "நான் ஒம்பது" என்றது மற்றொன்று. ஒவ்வொருவராக எழுந்து நின்று தன் தன் குற்றத்தைச் சொன்னார்கள். ராஜாராமும் எழுந்து நின்றான். அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரும் நிற்கிறார்களே என்று நின்றான்.

சாரதாம்பாளின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், மன்னிக்கணும்" என்று ஃபக்ருன்னிசா குறுக்கிட்டாள். "அலைக் கணக்கு முடியற நேரம். அதுக்கு ஒரு டோக்கன் வேணும். சார், உங்க நிரலை நிறுத்திடுங்க. நீங்க ஒண்ணொண்ணா மூடக்கூட வேணாம். அது எழுந்து போனா கர்னலே எல்லாத்தையும் வாங்கிக்கும். உங்க அறையிலதான் முடியும்."

கோதண்டராமன் ஓடினார். பஸ்ஸைக் கண்டால் ஓடுவாரே, அதைவிட வேகமாக. பின்னால் செங்கல்வராயன், அவன் பின்னால் ராஜாராம், அவர்கள் பின்னால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டில்லி அம்மாள். பூட்டுக்கு எதிரே பெல்ட்டிலிருந்து சாவி வர மறுத்தது. பெல்ட்டோடு சேர்ந்துதான் வருவேன் என்றது. கடைசியில் கோதண்டராமன் வயிற்றைக் கதவோடு ஒட்டிக்கொண்டு, சாவி இடுப்பில் இருந்தபடியே பூட்டைத் திறந்தார். உள்ளே பாய்ந்து நிறுத்துகிற விசையைத் தட்டினார்.

இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் அறையில் ஃபக்ருன்னிசா மட்டும் நின்றிருந்தாள். டெலிடைப் பாதி வார்த்தையில் ஓய்ந்தது. அவ்வளவு நேரம் கத்திய இயந்திரம் ஓய்ந்ததும் காற்றில் சவுக்கு இலைகள் உரசுவது கேட்டது. அதற்கப்பால் கடலும் கேட்டது.

கணக்கு இன்னும் ஓடுகிறதா, அதற்குள் முடிந்து விடையைத் தொலைத்துவிட்டதா? போய்ப் பார்க்கலாம். இப்போது இடம் இருக்கிறது. ஆனால் அவளுக்குக் கை எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் பிஸ்மில்லா சொன்னாள். இதைக் கேட்கலாமா கூடாதா என்று யோசிக்காமல், அம்மாவுக்காக என்று மட்டும் கேட்டாள்.

எல்லாரும் திரும்பி வந்து வாசலில் மூச்சு வாங்க நின்றார்கள்.  ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை.

பிறகு பிரிண்டர் ஒரு தடவை கனைத்தது. ஒரு வரி அடித்தது. அடுத்த வரி. அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்ட மாதிரி சடசடவென்று அலைக் கணக்கு இறங்கத் தொடங்கியது. செங்கல்வராயன் ராஜாராமைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். கோதண்டராமன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். எட்டுத் திரையிலும் வேலை ஓடியது. ராஜாராமுக்கு முதலில் இடம் கொடுத்தார்கள். அவன் ஆறு திறந்து, வேலையை முடித்து, ஒவ்வொன்றையும் மூடுகிறபோது, "மூடிட்டேன், மூடிட்டேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் கான்டீன் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சாரதாம்பாள் பேச்சை எடுத்தார். எல்லாருடைய கையும் இலையில் நின்றுவிட்டது.

"எத்தனையோ ஊர்ல மெஷின் பாத்திருக்கேன். எங்கயாவது ஒண்ணு நின்னு போச்சுன்னா, யார் மேல தப்பு இல்லைன்னு பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்புவா. இங்கதான் என் தப்பு, என் தப்புன்னு வரிசையில நின்னேள். தப்பை ஒளிக்காத இடத்துல மெஷின் சீக்கிரம் சரியாகும். அது இங்கயே இருக்கட்டும். நினைவகம் இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்றேன். நூறு இடம் போதாது போலிருக்கே?"

"அனுப்புங்க மேடம்" என்றாள் ஃபக்ருன்னிசா. "ஆனா எத்தனை அனுப்பினாலும் இவங்க ரொப்பிடுவாங்க."

"மூடக் கத்துக்கறோம் தாயீ" என்றான் செங்கல்வராயன்.

கோதண்டராமன் இலையை மடித்துவிட்டு அவளிடம் வந்தார். "அம்மா தனியா இருப்பாங்க, மனசு அடிச்சுக்கிட்டே இருக்கும். மிச்ச வேலையை நாங்க பாத்துக்கறோம். டில்லி அம்மாவோட கார் செங்கல்பட்டு வழியாத்தான் போகுது, கேட்டுட்டேன். போய்ச் சொல்லிட்டு வா."

மத்தியான வெயிலில் மகள் வீட்டுக்குள் நுழைந்த காலடியைக் கேட்டதும் சைனம்பு தடுமாறி எழுந்தார்.

"இன்னாடி இந்நேரத்துக்கு? வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?"

ஃபக்ருன்னிசா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அழுவுறியா, சிரிக்கிறியா? எனக்குக் கண்ணு தெரியலன்னு வெளையாடாத."

"சிரிக்கறேம்மா. மெஷின் இங்கயே இருக்குதாம். பம்பாய்க்குப் போக வேணாம்."

சைனம்பு அப்படியே உட்கார்ந்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  பிறகு அவர் முகத்தில் ஒரு சின்ன எரிச்சல் எட்டிப் பார்த்தது.

"அப்போ நான் படிச்சதெல்லாம் வீணா?"

"என்னம்மா படிச்சே?"

"பக்கத்து வூட்டு லத்தீஃபா அவங்க வூட்டுக்காரரோட பம்பாயில இருந்தா இல்ல? அவகிட்டதான் ஒரு மாசமா மத்தியானத்துல இந்தி கத்துக்கறேன். பானின்னா தண்ணி. கித்னான்னா எவ்வளவு. கண்ணு தெரியலன்னு ரோட்டுல சொல்றதுக்குக்கூட ஒண்ணு சொல்லிக் குடுத்தா, அதுதான் நாக்குல நிக்க மாட்டேங்குது. நீ எனக்காக வேலைய வுட்டுருவேன்னு எனக்குத் தெரியாதா? நானும் உன்கூட வந்துர்றதுன்னு இருந்தேன்."

ஃபக்ருன்னிசாவின் சிரிப்பு நின்றது. அம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

"எனக்கும் சொல்லிக் குடும்மா" என்றாள்.

"மொதல்ல பானி சொல்லு" என்றார் சைனம்பு.